அலமோசாவில் ஜோ விஹில்: உயரத்தின் பலனா, பயிற்சியின் பலனா?

டென்வர்வாசி:
கிரேட் சாண்ட் டியூன்ஸ் மணல்மேடுகளைப் பார்க்கப் போனபோது இரவு அலமோசாவில் தங்கினோம். கொலராடோவின் தெற்கு மூலையில், சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் இருக்கும் சின்ன ஊர். சுற்றிலும் உருளைக்கிழங்கும் பார்லியும் விளைகிற வயல்கள், தூரத்தில் பனி மூடிய மலைகள். காலையில் ஓடலாம் என்று கிளம்பினேன். நான் இருப்பது 1,600 மீட்டர் உயரத்தில், அங்கே 2,300. அந்த வித்தியாசத்துக்கே மூச்சு வாங்கியது. அப்போது ஒரு மாணவர் கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனது. விசாரித்தால் ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரிப் பசங்களாம்.

வீடு திரும்பித் தேடியதில்தான் ஜோ விஹில் என்ற பயிற்சியாளரின் பெயர் கிடைத்தது. 2025 ஜூலையில் 95 வயதில் காலமாகியிருக்கிறார். அந்தக் கல்லூரியில் 1965 முதல் 1993 வரை கிராஸ் கண்ட்ரி (புல்வெளி, மேடுபள்ளம் வழியாக ஓடும் நெடுந்தூர ஓட்டம்), தடகளம் இரண்டுக்கும் பயிற்சியாளர். 19 தேசிய அணிப் பட்டங்கள். நல்ல சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறேன். அந்த உயரத்தில் நாலு வருடம் ஓடினால் யார்தான் கீழே வந்து ஜெயிக்க மாட்டார்கள்? இதில் கோச்சுக்கு எவ்வளவு பங்கு?

மைல்கல்:
உயரம்தான் காரணம் என்றால் பிளாக்ஸ்டாஃப் எப்போதோ ஜெயித்திருக்க வேண்டும். அரிசோனாவில் 2,100 மீட்டரில் இருக்கிற ஊர். அங்கே உள்ள வடக்கு அரிசோனா பல்கலைக்கழகம் 1899-இல் தொடங்கியது. ஆண்கள் அணி என்.சி.ஏ.ஏ. என்கிற பெரிய கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் உச்சப் பிரிவான முதல் பிரிவில் முதன்முதலாக கிராஸ் கண்ட்ரி பட்டம் வாங்கியது எப்போது தெரியுமா? 2016-இல். அதற்கப்புறம் 2017, 2018, 2020, 2021, 2022 என்று வரிசையாக அள்ளினார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக அதே மலை, அதே காற்று. 2016-க்கு முன்னால் மலை என்ன தூங்கிக்கொண்டா இருந்தது?

விஹிலைப் பற்றி ஒரு முன்கதை. அந்தப் பள்ளத்தாக்கிலேயே வளர்ந்தவர். 1929-இல் பிறப்பு, ஸ்பானிஷ் பேசும் குடும்பம். கடற்படையில் இருந்துவிட்டு வந்து ஆடம்ஸ் ஸ்டேட்டில் படித்தார், அமெரிக்கக் கால்பந்து ஆடினார். முதலில் அலமோசா உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர், பயிற்சியாளர். பிறகுதான் கல்லூரி. இடையில் நியூ மெக்சிகோவில் உடலியக்கவியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்து கோச் பலர் தங்கள் கோச் சொன்னதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தபோது இவர் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

காலைப்பனி:
டென்வர்வாசி அண்ணா, உயரம் என்பது ஒருபக்கத் தராசு இல்லை. காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவதால் உடம்பு கூடுதலாகச் சிவப்பணுக்களை உருவாக்கும், அது லாபம். ஆனால் அதே காரணத்தால் பயிற்சியில் வேகமாக ஓட முடியாது. கடலோரத்தில் ஒரு மைலை ஐந்து நிமிடத்தில் திரும்பத் திரும்ப ஓடுகிறவர் அங்கே அதே வேகத்தில் ஓடினால் மூன்றாவதிலேயே கால் கட்டையாகிவிடும். வேகத்தைக் குறைத்தால் காலுக்குப் போட்டி வேகம் மறந்துபோகும். வேகத்தைக் குறைக்காவிட்டால் இரண்டு வாரத்தில் ஆள் படுத்துவிடுவான். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓய்வு எவ்வளவு, தூரம் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை கடினமான நாள் என்று கணக்குப் போடுவதுதான் அங்கே கோச்சின் வேலை.

'உயரத்தில் தங்கு, தாழ்வில் பயிற்சி செய்' என்கிற முறையை லெவின், ஸ்ட்ரே-கண்டர்சன் இருவரும் ஆய்வு செய்து வெளியிட்டது 1997-இல். விஹில் கல்லூரியை விட்டு நாலு வருஷம் கழித்து. அதற்கு முன்பும் அலமோசாவில் அந்த வசதி கிடையாது. வேகப் பயிற்சிக்காக இறங்கிப் போக வேண்டுமென்றால் மலைக் கணவாயைத் தாண்டி நெடுந்தூரம் வண்டியில் போக வேண்டும். ஆகவே எல்லாம் மேலேயேதான்.

இன்னொன்று, குளிர். அமெரிக்காவிலேயே அலாஸ்காவை விட்டுவிட்டால் மிகக் குளிரான ஊர்களில் அலமோசாவும் ஒன்று. ஜனவரி இரவில் மைனஸ் முப்பதைத் தொடுவது அங்கே பெரிய செய்தி இல்லை. அதில் பசங்களை எழுப்பி ஓட விடுவதற்கே தனித் திறமை வேண்டும்.

டென்வர்வாசி:
குளிர் பற்றிச் சொன்னதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன், எங்கள் ஊர் குளிரே போதும் எனக்கு. ஆனால் பிளாக்ஸ்டாஃப் வாதம் பாதிதான் நிற்கிறது. அங்கே 2016 வரை நல்ல ஓட்டக்காரர்களைச் சேர்க்கப் பணம் இல்லாமல் இருந்திருக்கலாமே?

பழைய பி.டி.:
நான் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓட்டத்தில் உங்கள் அளவுக்குப் புள்ளிவிவரம் தெரியாது, ஆனால் கல்லூரி விளையாட்டு எப்படி நடக்கும் என்று கொஞ்சம் தெரியும். எனக்கு வேறு சந்தேகம். 19 பட்டம் என்கிறீர்களே, அதில் பெரும்பாலானவை என்.ஏ.ஐ.ஏ. என்கிற சிறு கல்லூரிகளின் சங்கத்தில் வாங்கியவை. ஓரிகன், விஸ்கான்சின் மாதிரிப் பெரிய பல்கலைக்கழகங்கள் அந்தப் பட்டத்துக்கு ஓடவே இல்லை. அந்த 19-ஐயும் ஆர்கன்சா பல்கலைக்கழகக் கோச் ஜான் மெக்டானலின் 40 பட்டங்களையும் பக்கத்தில் வைத்தால் எது கனம்?

மைல்கல்:
பி.டி. சார், சரியான இடத்தில் கை வைத்தீர்கள். மெக்டானல் வேறு ஒரு உலகம். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்துக்காரர். 1972-இல் ஆர்கன்சாவில் கிராஸ் கண்ட்ரி பயிற்சியாளர் ஆனார், சில வருடங்களில் தடகளமும் அவர் கைக்கு வந்தது. 2008 வரை இருந்தார். கிராஸ் கண்ட்ரியில் 11, உள்ளரங்கத் தடகளத்தில் 19, திறந்தவெளித் தடகளத்தில் (வெளியரங்கு) 10, ஆக 40 என்.சி.ஏ.ஏ. பட்டங்கள். உள்ளரங்கில் மட்டும் 1984 முதல் 1995 வரை தொடர்ந்து 12. கான்ஃபரன்ஸ் எனப்படும் வட்டாரக் கல்லூரிக் குழு அளவில் 1974 முதல் 2007 வரை கிராஸ் கண்ட்ரியில் ஒரு வருடம்கூடத் தோற்கவில்லை. முதலில் கணக்கு 42 ஆக இருந்தது. ஆள் சேர்ப்பு விதிமீறலுக்காக 2004, 2005 வெளியரங்குப் பட்டங்களைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

ஆனால் ஒப்பிடும்போது பணத்தையும் சேர்த்துப் பாருங்கள். முதல் பிரிவில் ஆண்கள் தடகளம், கிராஸ் கண்ட்ரி இரண்டுக்கும் சேர்த்தே நெடுங்காலம் 12.6 கல்வி உதவித்தொகைதான் உச்சவரம்பாக இருந்தது. அதைக் குண்டு எறிகிறவன், நீளம் தாண்டுகிறவன், நூறு மீட்டர்க்காரன் எல்லோருக்கும் பிய்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மெக்டானலுக்கு அதுவாவது கையில் இருந்தது, அயர்லாந்திலிருந்து ஆள் வரவழைக்கத் தொடர்பும் இருந்தது. பிராங்க் ஓ'மாரா, பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து அயர்லாந்துக்காக ஓடிய அலிஸ்டர் க்ராக் என்று பெரிய பட்டியல். விஹிலிடம் வந்தவர்கள் பெரும்பாலும் பெரிய பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்க்காத பிள்ளைகள். இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை இல்லை சார்.

சுதா (அதிகாலை ஓட்டக்காரி):
அந்தத் திரும்பிப் பார்க்காத பிள்ளைகளில் ஒருவர் பேட் போர்ட்டர். கொலராடோ பையன். உயர்நிலைப் பள்ளியில் அவருடைய நேரங்களைப் பார்த்து யாரும் கதவைத் தட்டவில்லை. அலமோசாவுக்குப் போனார், விஹிலிடம் சேர்ந்தார். 1982 முதல் 1989 வரை தொடர்ந்து எட்டு வருடம் அமெரிக்க தேசிய கிராஸ் கண்ட்ரி சாம்பியன். எட்டு! நாடு முழுக்க யார் வேண்டுமானாலும் ஓடலாம் என்கிற போட்டி அது, சிறு கல்லூரிச் சங்கம் இல்லை. 1984, 1988 இரண்டு ஒலிம்பிக்கிலும் ஓடினார். சின்னப் போட்டியில் ஜெயித்தவர் என்று விஹிலைச் சொல்கிறவர்கள் இந்த ஒரு பெயருக்குப் பதில் சொல்லட்டும். (போர்ட்டர் 2012-இல் விமான விபத்தில் இறந்துபோனார், பாவம்.)

அப்புறம் டீனா காஸ்டர். கல்லூரி முடிந்ததும் ஓட்டமே வேண்டாம் என்கிற மனநிலையில் இருந்தவர், 1996-இல் அலமோசா போனார். ஏதென்ஸ் 2004 மாரத்தான் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாலை ஆறு மணிக்குப் போட்டி, அப்போதும் வெயில் 35 டிகிரி. ஐஸ் பொதிந்த மேலங்கி போட்டுக்கொண்டு உடம்பைக் குளிர்வித்துவிட்டுத்தான் தொடக்கக் கோட்டுக்கே வந்தார். ஆரம்பத்தில் ரொம்பப் பின்னால். முன்னால் போனவர்கள் ஏற்றத்தில் ஒவ்வொருவராகக் கரைந்தார்கள். உலகச் சாதனைக்காரரான பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் 36-ஆவது கிலோமீட்டரில் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். டீனா கடைசிக் கட்டத்தில் எத்தியோப்பியாவின் அலெமுவைப் பிடித்து மூன்றாம் இடம், 2:27:20. 1984-இல் ஜோன் பெனாய்ட்டுக்குப் பிறகு ஒலிம்பிக் மாரத்தானில் பதக்கம் வாங்கிய முதல் அமெரிக்கப் பெண். அப்புறம் 2006-இல் லண்டனில் 2:19:36. அதுவும் விஹில் பட்டறைதான்.

மைல்கல்:
சுதா, கடைசி வரி மட்டும் இடிக்கிறது. லண்டன் 2006-க்கு டீனாவின் கோச் டெரன்ஸ் மஹோன். விஹில் அதற்குள் ஒதுங்கிவிட்டார். 2003 லண்டனில் 2:21:16 ஓடியபோதுதான் விஹில் உடன் இருந்தார். அதுவே அப்போது அமெரிக்கச் சாதனை. பெரியவருக்கு இருக்கிற புகழே போதும், கடன் வாங்கிச் சேர்க்க வேண்டாம்.

பி.டி. சாருக்காக இன்னொன்று. டீனாவின் பதக்கம் கல்லூரிக் கணக்கில் வராது. 1993-க்குப் பிறகு விஹில், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்த பாப் லார்சனோடு சேர்ந்து கலிபோர்னியாவின் மம்மத் லேக்ஸில் ஒரு குழு ஆரம்பித்தார். உயரம் சுமார் 2,400 மீட்டர். அங்கேதான் காலைப்பனி சொன்ன முறை சாத்தியமானது. கொஞ்ச தூரம் வண்டியில் இறங்கினால் பிஷப் என்ற ஊர், 1,260 மீட்டர். வேகப் பயிற்சி அங்கே. அதே ஏதென்ஸில் லார்சனின் ஆள் மெப் கெஃப்லெஸிகி ஆண்கள் மாரத்தானில் வெள்ளி. 1976-இல் ஃபிராங்க் ஷார்ட்டருக்குப் பிறகு அமெரிக்க ஆண் வாங்கிய முதல் பதக்கம்.

டென்வர்வாசி:
சரி, இடையில் ஒரு சந்தேகம். விஹில் பற்றித் தேடினால் எல்லா இடத்திலும் '1992, 15 புள்ளி' என்று வருகிறது. குறைந்த புள்ளி எடுத்ததற்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்?

காலைப்பனி:
கிராஸ் கண்ட்ரியில் குறைந்தவனுக்குத்தான் வெற்றி, அண்ணா. ஒரு அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வருகிற ஐந்து பேரின் இடங்களைக் கூட்டினால் அதுதான் அணியின் புள்ளி. முதல், மூன்றாம், பத்தாம், இருபதாம், நாற்பதாம் இடம் வந்தால் 74. மற்ற இரண்டு பேரின் இடம் கூட்டலில் சேராது, ஆனால் அவர்கள் எதிரணியின் ஐந்தாவது ஆளுக்கு முன்னால் வந்துவிட்டால் எதிரணியின் எண் கூடும். அதனால் ஒரு நட்சத்திர ஓட்டக்காரனை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் ஐந்தாவது ஆள் எங்கே வருகிறான் என்பதில்தான் போட்டி முடிவாகும். பட்டம் கிடைத்ததா இல்லையா என்று பார்க்க கோச்சுகள் முதல் ஆளைத் தேட மாட்டார்கள், கூட்டத்துக்குள் நாலாவது, ஐந்தாவது சட்டையைத் தேடுவார்கள்.

மிகக் குறைந்த புள்ளி என்பது 1+2+3+4+5, அதாவது 15. உள்ளூர்ப் போட்டியில் இரண்டு அணி ஓடும்போது வரும். தேசியப் போட்டியில், ஒவ்வொரு வட்டாரத்திலும் வடிகட்டி வந்தவர்கள் நடுவில், வரவே வராது என்றுதான் நினைத்தார்கள். 1992-இல் ஆடம்ஸ் ஸ்டேட் என்.ஏ.ஐ.ஏ.வை விட்டு என்.சி.ஏ.ஏ. இரண்டாம் பிரிவுக்கு மாறியிருந்த நேரம். பென்சில்வேனியாவின் ஸ்லிப்பரி ராக்கில் தேசியப் போட்டி. முதலில் வந்த பில் கஸ்டிலோ ஆடம்ஸ் ஸ்டேட். இரண்டாவது ஆடம்ஸ் ஸ்டேட். மூன்று, நாலு, ஐந்தும் அவர்களே. என்.சி.ஏ.ஏ. தேசியப் போட்டியில் அதற்கு முன்னால் யாரும் செய்யாதது. அந்த ஐவரில் ஒருவரான பீட்டர் டி லா செர்டா பிறகு 2000 ஒலிம்பிக் மாரத்தான் தேர்வில் இரண்டாவதாக வந்தார். அதே வருடம் பெண்கள் அணியும் பட்டம் வாங்கியது. இதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

சுதா (அதிகாலை ஓட்டக்காரி):
கடைசி வாக்கியத்துக்காகவே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம்.

பழைய பி.டி.:
புள்ளிக் கணக்கு நன்றாக விளங்கியது, நன்றி தம்பி. எங்கள் பல்கலைக்கழக மண்டலப் போட்டிகளிலும் இடத்தைக் கூட்டித்தான் அணியை அறிவிப்போம். ஆனால் ஐந்தாவது ஆளைத் தேடுகிற நிலைமை எனக்கு வாய்த்ததில்லை. ஆறு பேர் வண்டி ஏறினாலே அதிகம். ஓட வருகிறவனில் பாதிப் பேர் ஓ.டி. (வகுப்புக்கு வராததற்கு வருகைச் சலுகை) கையெழுத்துக்காக வருகிறவன். நல்லவன் ஒருவன் கிடைத்தால் அடுத்த வருடம் அவன் வீட்டில் வேலைக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். மூன்று வருடத்தில் ஒரு பையனை எழுப்பி, ஓட வைத்து, வழியனுப்பி, மறுபடி முதலிலிருந்து. இதைத்தான் அந்த மனிதர் 28 வருடம் செய்திருக்கிறார். ஆகவே பட்டத்தைவிட எனக்கு அந்த எண்தான் உறைக்கிறது. பட்டம் வாங்கிய பிறகும் அவர் ஏன் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை? கூப்பிடாமலா இருந்திருப்பார்கள்?

ஒரு எதிர்க்கேள்வியும் இருக்கிறது. ஜெயித்தவர்களின் பெயர் மட்டும்தான் நமக்குக் கிடைக்கிறது. அத்தனை தூரம் ஓடி முழங்காலும் தாடை எலும்பும் போய் இரண்டாம் வருடமே நின்றவன் எத்தனை பேர்? தாடை என்றது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பை, எங்கள் மைதானத்தில் அப்படித்தான் சொல்லுவோம்.

மைல்கல்:
நல்ல கேள்வி சார், எல்லாப் பழைய கோச்சுகளையும் பற்றிக் கேட்க வேண்டியது. விஹில் பக்கத்துக் கணக்கு இவ்வளவு: 425 பேர் ஆல் அமெரிக்கன் தகுதி (தேசியப் போட்டியில் முன்னணி இடங்களில் வருகிறவர்களுக்குத் தருவது), 87 தனிநபர் தேசிய சாம்பியன்கள். ஒருவரே பல தடவை அந்தத் தகுதியை வாங்கலாம் என்பதால் 425 என்பது 425 வெவ்வேறு ஆட்கள் என்று நினைக்க வேண்டாம். ஆனாலும் நாலைந்து நட்சத்திரங்களை வைத்துப் பிழைத்தவரால் இந்த எண்ணுக்கு வர முடியாது.

ஊரை விட்டுப் போகாததற்கு என் அனுமானம், அது அவர் ஊர் என்பதுதான். அங்கேயே ஓடும் ஒரு பழக்கமும் உருவாகியிருந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக் 2,240 மீட்டர் உயரத்தில் நடக்கப்போகிறது என்றதும் அமெரிக்காவின் மாரத்தான் தேர்வுப் போட்டியை அலமோசாவில்தான் வைத்தார்கள். ஆகஸ்ட் வெயிலில், அந்த உயரத்தில். ஸ்டீப்பிள்சேஸ் என்கிற தடை தாண்டும் நெடுந்தூர ஓட்டக்காரரான ஜார்ஜ் யங் 2:30:48-இல் ஜெயித்தார். நேரத்தைப் பார்த்தாலே எவ்வளவு கடினம் என்று தெரியும். விஹில் கல்லூரிக்கு வந்து மூன்றாவது வருடம் அது. மெக்சிகோவில் 10,000 மீட்டரில் உலகச் சாதனைக்காரர் ரான் கிளார்க் மயங்கி விழுந்த பிறகுதான் உலகத்துக்கு உயரம் புரிய ஆரம்பித்தது. விஹில் அதற்குள் பாடம் படிக்கத் தொடங்கிவிட்டிருந்தார்.

டென்வர்வாசி:
விட மாட்டேன். விஹில் போன பிறகும் ஆடம்ஸ் ஸ்டேட் ஜெயித்துக்கொண்டுதானே இருக்கிறது? டேமன் மார்ட்டின் காலத்தில் ஆண், பெண் இரண்டு அணிக்கும் எத்தனை பட்டங்கள்! கோச் மாறினார், வெற்றி மாறவில்லை. மாறாமல் இருந்தது எது? உயரம்.

காலைப்பனி:
டேமன் மார்ட்டின் யார் என்று பார்த்தீர்களா? விஹிலிடம் ஓடிய பையன். அவரிடமே உதவியாளராக இருந்து பொறுப்பை வாங்கியவர். கோச் மாறினார், பாடம் மாறவில்லை.

டென்வர்வாசி:
இதை எப்படியும் நிரூபிக்க முடியாது போலிருக்கிறது. விஹிலைக் கடற்கரை ஊரில் 28 வருடம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மைல்கல்:
மெக்டானலை வைத்துப் பார்த்தாயிற்றே. ஆர்கன்சாவின் ஃபேயட்வில் ஊர் 430 மீட்டர்கூட இருக்காது. 11 கிராஸ் கண்ட்ரி பட்டம் அந்தத் தாழ்வில் வாங்கியவை. தாழ்விலும் நடக்கிறது, உயரத்திலும் நடக்கிறது. பிளாக்ஸ்டாஃப் மாதிரி உயரத்தில் இருந்தும் நூறு வருடம் நடக்காமலும் போகிறது. உயரம் உதவியது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் முதல் பதிவில் 'யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்' என்று கேட்டீர்களே, அதற்குப் பதில்: நிறையப் பேர்.

டென்வர்வாசி:
சரி, அந்த வாக்கியத்தை மட்டும் தளர்த்திக்கொள்கிறேன். உயரம் பாதி, மிச்சம் பாதி. இதற்கு மேல் இறங்க மாட்டேன்.

பழைய பி.டி.:
பாதிக்குப் பாதி என்றால் எங்கள் ஊரில் சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். வேறு ஒன்று கேட்கிறேன். கல்லூரி தேசியப் போட்டியில் தூரம் எவ்வளவு? பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தூரம்தானா?

சுதா (அதிகாலை ஓட்டக்காரி):
ஐயா, வேண்டாத இடத்தில் கேட்டுவிட்டீர்கள். ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 6. அதுவும் முதல் பிரிவில் 1999 வரை 5 கிலோமீட்டர்தான், 2000-இல்தான் ஒரு கிலோமீட்டர் பெரிய மனதோடு கூட்டிக் கொடுத்தார்கள். உலக கிராஸ் கண்ட்ரி போட்டியில் 2017 கம்பாலாவிலிருந்து இருபாலருக்கும் 10 கிலோமீட்டர் ஆக்கிவிட்டார்கள். டீனா மாதிரி 42 கிலோமீட்டரில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கப்போகிறவளை கல்லூரியில் ஆறோடு நிறுத்துவதற்கு என்ன காரணம் என்று இங்கே யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். தனி இழையே தொடங்குகிறேன்.

காலைப்பனி:
தொடங்குங்கள், வருகிறேன். டென்வர்வாசி அண்ணாவையும் இழுத்து வாருங்கள், அங்கே உயரத்தைக் காரணம் சொல்ல முடியாது.